பாடமாக வந்தால் போதுமா, கை பழக வேண்டாமா?

(கூட்டமைப்பின் காலாண்டுக் கூட்டத்தில் பேசிய உரை)



கடன், வசூல், சேமிப்பு பற்றி எல்லாக் கூட்டத்திலும் பேசுகிறோம். இன்று நம் பிள்ளைகளின் பள்ளிப் படிப்பில் ஒரு விஷயத்தைப் பேசுவோம். அதுதான் கணினிப் பாடம்.

2023 செப்டம்பர் 15-ல் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியபோது பணம் நேராக வங்கிக் கணக்கில்தான் வந்தது. வந்ததா இல்லையா என்று ஃபோனில் வந்த செய்தியைப் படிக்க நம்மில் எத்தனை பேர் பிள்ளையைக் கூப்பிட்டோம்? யாரோ ஃபோன் செய்து ரகசிய எண்ணைக் கேட்டால் கொடுக்கக் கூடாது என்பதே பலருக்குப் பிறகுதான் தெரிந்தது. நமக்கு இதைச் சொல்லித்தர அன்று பள்ளியில் பாடம் இல்லை. நம்ம பொண்ணுங்களுக்கும் அதே நிலை வரலாமா?

பாடம் இல்லாமலும் இல்லை. பிளஸ் ஒன் வகுப்பில் அறிவியல் பிரிவுக்குக் கணினி அறிவியல், வணிகவியல் பிரிவுக்குக் கணினிப் பயன்பாடுகள், தொழிற்கல்விக்குக் கணினித் தொழில்நுட்பம் என்று 2018-ல் புதிய புத்தகங்கள் வந்தன. ஆனால் பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்ட பிள்ளைக்கும், வேறு பிரிவு எடுத்த பிள்ளைக்கும் இவை கிடைக்காது. அதனால் ஆறாவது முதல் பத்தாவது வரை என்ன நடக்கிறது என்பதுதான் முக்கியம்.

2018, 2019-ல் வந்த புதிய அறிவியல் புத்தகங்களில் கணினிக்குத் தனி அலகு வைத்தார்கள். 2019-ல் வந்த பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தின் கடைசி அலகில் கோப்பு, கோப்புறை, நோட்பேட், பெயின்ட், ஸ்க்ராட்ச் எல்லாம் வருகின்றன. ஸ்க்ராட்ச் என்பது பிள்ளைகளே கட்டளைகளை வரிசையாக அடுக்கிப் படத்தை நகர வைக்கும் மென்பொருள். நாம் சோறு வடிக்கிற மாதிரிதான். அடுப்பை மூட்டு, உலை வை, கொதித்ததும் அரிசியைப் போடு. வரிசை மாறினால் காரியம் கெடும். எங்கே தப்பு என்று தேடித் திருத்துவதே அந்தப் பாடத்தின் உயிர்.

இதைப் புத்தகத்தில் வாசித்தால் வருமா? தையல் மெஷினைப் படத்தில் பார்த்துத் தையல் கற்றவர் யாராவது உண்டா? பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வில் தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் என ஐந்து பாடம்தான். கணினிக்குத் தனி மதிப்பெண் கிடையாது. மதிப்பெண் இல்லாத இடத்தில், கேட்பாரும் இல்லையென்றால், பாடம் கடைசிப் பக்கத்திலேயே நின்றுவிடும்.

“வீட்டில்தான் ஃபோன் இருக்கே” என்று சில சகோதரிகள் சொல்லலாம். ஃபோனில் படம் பார்ப்பது வேறு, கணினியில் ஒரு மனுவைத் தட்டச்சு செய்வதும் கணக்குப் போடுவதும் வேறு. அந்த ஃபோனும் பெரும்பாலும் பையன் கையில்தான் இருக்கும். பொம்பளப் புள்ளைக்கு மிச்ச நேரம்தான் கிடைக்கும். அவள் கணினியைத் தொட உறுதியான ஒரே இடம் பள்ளிதான்.

“ஏற்கெனவே படிப்புச் சுமை, இதுவும் எதுக்கு?” என்று கேட்பதிலும் நியாயம் உண்டு. நாம் இன்னொரு தேர்வு கேட்கவில்லை. வாரம் ஒரு பாடவேளை பிள்ளை கணினி முன் உட்கார வேண்டும் என்றுதான் கேட்கிறோம்.

இதைக் கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. 2009-ம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும். பாதிப் பேர் பெண்கள். அந்தக் கூட்டத்துக்குப் போகிற நம் உறுப்பினர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பாமல் நான்கு கேள்வி கேளுங்கள்:

1. கணினி அறை வாரத்தில் எத்தனை நாள் திறக்கப்படுகிறது?
2. எத்தனை கணினி வேலை செய்கிறது? பழுதானதற்கு எழுதிக் கொடுத்தாயிற்றா?
3. ஒரு கணினிக்கு எத்தனை பிள்ளைகள்? பெண் பிள்ளைகள் விசைப்பலகையைத் தொடுகிறார்களா, பின்னால் நின்று பார்க்கிறார்களா?
4. பாடத்தை நடத்துவது யார்?

சண்டைக்குப் போக வேண்டாம், ஆசிரியருக்குத் துணையாகப் போவோம். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுவோம். அடுத்த கூட்டத்தில் அதையே திரும்பக் கேட்போம்.

வீட்டிலும் ஒரு வேலை இருக்கிறது. இன்று இரவு மகளிடம், “கடைசியா எப்போ கம்ப்யூட்டரைத் தொட்டே?” என்று கேளுங்கள். அவள் சொல்லும் பதிலை அடுத்த குழுக் கூட்டத்தில் சொல்லுங்கள். எல்லாக் குழுக்களின் பதிலையும் தொகுத்து, பள்ளிவாரியாக மனு எழுதுவோம்.