விண்வெளி போய் வந்த தக்காளி விதைகள்
(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



தாவரவியல் படிச்சவனுக்கு விண்வெளியில் என்ன வேலைன்னு சிலர் நினைக்கலாம். வேலை இருக்கு. 1984 ஏப்ரலில் அமெரிக்காவின் சேலஞ்சர் விண்ணோடம் ஒரு பெரிய செயற்கைக்கோளை விண்ணில் விட்டு வந்தது. அதற்குள்ளே ஒரு கோடியே 25 லட்சம் தக்காளி விதைகள். ஒரு வருடத்துக்குள் திரும்ப எடுத்து வருவதாக ஏற்பாடு. ஆனால் பயணம் தள்ளிப்போனது. 1986 ஜனவரியில் அதே சேலஞ்சர் சிதறி ஏழு பேர் உயிரிழந்தார்கள். கடைசியில் 1990 ஜனவரியில்தான் கொலம்பியா விண்ணோடம் அந்த விதைகளை மீட்டு வந்தது. ஏறக்குறைய ஆறு வருடம்!

அங்கே விதைக்கு என்ன ஆபத்து? கனமான காஸ்மிக் துகள் ஒன்று விதையைத் துளைத்துச் சென்றால், டி.என்.ஏ.வின் இரண்டு இழைகளும் அறுந்துபோகலாம். விதை நனைந்து முளைக்கும்போது செல் அதை ஒட்டவைக்கப் பார்க்கும். ஒட்டுவதில் பிசகினால் அது சடுதி மாற்றம்.

நாசா அந்த விதைகளைப் பள்ளிகளுக்கு அனுப்பியது. 30 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் பங்கெடுத்தார்கள். விண்வெளி விதை ஒரு பொட்டலம், பூமியிலேயே இருந்த விதை ஒரு பொட்டலம். நடுவில், "கதிர் பட்ட விதையாச்சே, பழத்தில் விஷம் ஏறிடுமோ?" என்று ஒரு பயமும் கிளம்பியது. பயத்துக்குப் பதில் சொன்னது அந்த இரண்டாவது பொட்டலம்தான். விண்வெளி விதை முதலில் சற்று வேகமாக முளைத்தது. பிறகு இரண்டும் சமம். மொத்தத்தில் பெரிய வித்தியாசம் எதுவும் இல்லை.

அப்போ மரபணு மாறவே இல்லையா? அப்படியும் சொல்லிவிட முடியாது. ஜோடி மரபணுவில் ஒன்று மட்டும் கெட்டால், நல்லது அதை மறைத்துவிடும். அந்தச் செடியின் விதையை எடுத்து மறுபடி விதைத்தால்தான் நாலில் ஒன்றில் குறை வெளியே தெரியும். மெண்டல் பாடம் ஞாபகம் வருதா?

சீனர்கள் 1987 முதல் விதைகளை மேலே அனுப்பி, இப்படித் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுக்கிறார்கள். லூயுவான் 502 என்ற கோதுமை அப்படி வந்ததுதான். 2022 நவம்பரில் சர்வதேச அணுசக்தி முகமையும் உணவு வேளாண்மை அமைப்பும் சேர்ந்து சோள விதைகளை அனுப்பின. 2023 ஏப்ரலில் அவை திரும்பின. மாற்றத்தைத் தருவது கதிர், அது கண்மூடித்தனமானது. நல்லதைத் தேர்ந்தெடுப்பது வயலில் நிற்கிற மனிதன்.

மாணவச் செல்வங்களே, நாளைக்கு யாராவது "இது விண்வெளி விதை, அமோக விளைச்சல்" என்று வந்தால் இரண்டே கேள்வி கேளுங்கள். கூட வளர்த்துப் பார்த்த சாதாரண விதை எங்கே? அடுத்த தலைமுறையிலும் அந்தக் குணம் நின்றதா? பதில் இருந்தால் வாங்குங்கள். இல்லாவிட்டால் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.