பார்ட்டி ஹாலுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன்

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். வர முடியாதவர்கள் கேட்டுக்கொண்டதால் இங்கே தரப்படுகிறது.)



செயலாளர் என்னைப் பேசச் சொன்னதும், "வருமான வரி பற்றிப் பேசட்டுமா?" என்று கேட்டேன். "வேண்டாம் சார், பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள்" என்றார். அதனால் இன்று சாப்பாட்டு விஷயம். ஆனால் வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்து பழகியவன் என்பதால் நடுவில் கொஞ்சம் கணக்கும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அறுபதாம் கல்யாணம், வளைகாப்பு, பேரக்குழந்தையின் முதல் பிறந்தநாள், பணி ஓய்வு என்று நம் வளாகத்தில் மாதம் ஒன்றிரண்டு விசேஷம் வந்துவிடுகிறது. முன்பெல்லாம் மொட்டை மாடியில் பந்தல் போட்டோம். இப்போது 30 பேர், 50 பேர் என்றால் உடனே ஹோட்டலில் தனி அறை பார்க்கிறோம். கல்யாண மண்டபம் பெரிது, வீடு சிறிது, இது இரண்டுக்கும் நடுவில். பார்ட்டி ஹால், பாங்க்வெட், பிரைவேட் டைனிங் என்று பெயர் எதுவானாலும் நமக்கு வேண்டியது ஒன்றுதான். கதவைச் சாத்திக்கொண்டு நம் ஆட்கள் நிம்மதியாகப் பேசிச் சாப்பிட வேண்டும்.

பெரும்பாலும் நாம் எப்படித் தேர்ந்தெடுக்கிறோம்? போட்டோ பார்க்கிறோம், மெனு கார்டு பார்க்கிறோம், அட்வான்ஸ் அனுப்பிவிடுகிறோம். நான் சொல்ல வருவது வேறு வழி. வரப்போகிறவர்களில் யாருக்கு அந்த இடம் மிகவும் சிரமமாக இருக்கும் என்று முதலில் யோசியுங்கள். அவருக்குச் சரிப்பட்டால் மற்ற எல்லோருக்கும் சரிப்படும். அப்படி நாலு பேரைச் சொல்கிறேன்.

முதலாமவர் முழங்கால் வலிக்காரர். பல ஹோட்டல்களில் கீழே பொது உணவுக்கூடம், மாடியில் பார்ட்டி ஹால். "லிஃப்ட் இருக்கிறது சார்" என்பார்கள். வாசலிலிருந்து லிஃப்ட் வரைக்கும் நாலு படி இருக்கும், அதைச் சொல்லமாட்டார்கள். சக்கர நாற்காலி அந்த லிஃப்டுக்குள் நுழையுமா என்று பாருங்கள். கரண்ட் போனால் ஜெனரேட்டரில் லிஃப்ட் ஓடுமா, ஏ.சி. ஓடுமா, இல்லை விளக்கும் மின்விசிறியும் மட்டும்தானா என்று கேளுங்கள். மே மாதம் சென்னையில் ஏ.சி. நின்றுபோன மூடிய அறையில் 50 பேர் அரை மணி நேரம் கூட உட்கார முடியாது. கழிப்பறை அதே மாடியில் இருக்கிறதா? வெஸ்டர்ன் டாய்லெட்டா? பிடித்துக்கொண்டு எழுந்திருக்கக் கைப்பிடி உண்டா? தரை ஈரமாகவே கிடக்கிறதா? இதையெல்லாம் போனில் கேட்டால் பதில் வராது. நேரில் போய் நீங்களே கதவைத் திறந்து பாருங்கள்.

இரண்டாமவர் சர்க்கரை நோயாளி. நம் வளாகத்தில் இவர்தான் பெரும்பான்மை! போன வருடம் ஒரு மாலை விருந்து. ஏழரை மணிக்குச் சாப்பாடு என்று சொல்லியிருந்தார்கள். எங்களுக்கு முன்னால் அதே அறையை எடுத்திருந்தவர்கள் கிளம்பவே எட்டு மணி ஆகிவிட்டது. பிறகு மேசை துடைத்து, பலூன் கட்டி, கேக் வெட்டி, போட்டோ எடுத்து, இலை போடும்போது மணி ஒன்பது. ஏழரைக் கணக்கில் இன்சுலின் போட்டுக்கொண்டு வந்த ஒரு பெரியவருக்கு வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, பேச்சுக் குழற ஆரம்பித்துவிட்டது. பக்கத்தில் இருந்த அம்மா புரிந்துகொண்டு உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுத்ததால் தப்பித்தார்.

அதனால் மேனேஜரிடம் கட்டாயம் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்: "எங்களுக்கு முன்னால் அறையை யாருக்காவது கொடுத்திருக்கிறீர்களா? அவர்கள் எத்தனை மணிக்குக் காலி செய்வார்கள்?" நடுவில் ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். நம் பக்கத்திலும் ஓர் ஒழுங்கு வேண்டும். அழைப்பில் "மாலை 6.30" என்று மட்டும் போடாமல் "சாப்பாடு சரியாக 7.30" என்றும் போடுங்கள். கேக், பேச்சு, போட்டோ எல்லாம் அதற்குப் பிறகு நடக்கட்டும். இன்சுலின் போடுபவர்கள் இலை போட்டதைக் கண்ணால் பார்த்த பிறகு ஊசி போட்டுக்கொள்வது நல்லதா என்று உங்கள் டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வேர்க்கடலை, முந்திரி ஒத்துக்கொள்ளாதவர்கள், வெங்காயம் பூண்டு சேர்க்காதவர்கள் இருந்தால் சமையலறைக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சைவமும் அசைவமும் கலந்த விருந்தென்றால் கரண்டியும் மேசையும் தனித்தனியாக இருக்கட்டும்.

மூன்றாமவர் காது கேட்கும் கருவி வைத்திருப்பவர். கண்ணாடிச் சுவர், டைல்ஸ் தரை, தாழ்ந்த கூரை உள்ள அறை படத்தில் அழகாக இருக்கும். ஆனால் 40 பேர் ஒன்றாகப் பேசினால் எதிரொலியில் நல்ல காதுக்கே எதுவும் புரியாது. கருவி வைத்திருப்பவர் பாவம், சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவார். அறை நடுவில் நின்று ஒருமுறை பலமாகக் கை தட்டிப் பாருங்கள், எதிரொலி தெரிந்துவிடும். ஸ்பீக்கர் பாட்டை அந்த அறைக்கு மட்டும் நிறுத்த முடியுமா என்று கேளுங்கள். சில இடங்களில் தனி அறை என்பது நடுவில் ஒரு மடக்குத் தடுப்பு மட்டும்தான். அந்தப் பக்கம் வேறொரு பிறந்தநாள் என்றால், நம் வீட்டுப் பெரியவர் பேச எழும்போது அங்கே பாட்டு ஆரம்பிக்கும்.

"50 பேர் உட்காரலாம்" என்பதையும் அப்படியே நம்ப வேண்டாம். உட்கார்ந்து சாப்பிட ஆளுக்கு 12 முதல் 15 சதுர அடி வேண்டும் என்பது பொதுவான கணக்கு. 20 அடிக்கு 25 அடி அறை என்றால் 500 சதுர அடி. அதில் 33 முதல் 41 பேர் வரை உட்காரலாம். பஃபே மேசையும் கேக் மேசையும் போட்டால் இன்னும் குறையும். போகும்போது ஒரு டேப் எடுத்துக்கொண்டு போங்கள். வெளியேற இரண்டாவது வழி இருக்கிறதா, அது பூட்டியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். மெழுகுவர்த்தி பக்கத்தில் ஸ்நோ ஸ்பிரேயும் கேஸ் பலூனும் வேண்டவே வேண்டாம். இரண்டும் தீப்பிடிக்கக்கூடியவை.

நாலாமவரைப் பற்றித்தான் நாம் பேசுவதே இல்லை. அவர் கையில் பணம் குறைவாக இருப்பவர். எல்லோரும் சேர்ந்து பங்கு போட்டுச் செய்யும் விருந்தில் வாட்ஸ்அப் குழுவில் "தலைக்கு 1,200" என்று போட்டவுடன் நாலு பேர் கட்டை விரலைக் காட்டுவார்கள். ஐந்தாமவர் ஒன்றும் சொல்லமாட்டார். கடைசி நாளில் "ஊருக்குப் போகிறோம்" என்பார். அவர் எங்கேயும் போகவில்லை. அன்று இரவு அவர் வீட்டு ஜன்னலில் விளக்கு எரிவதை விருந்திலிருந்து திரும்பும் நாமே பார்ப்போம். வட்டிப் பணத்தில் குடும்பம் நடத்துபவர்களும், மருந்துக் கடைக்கே பாதி கொடுப்பவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். ஒரு வேளைச் சாப்பாட்டுக்காகப் பத்து வருடப் பழக்கத்தில் ஒரு சங்கடம் விழக்கூடாது.

ஆகவே ஹோட்டலைப் பார்ப்பதற்கு முன்பே தொகையை முடிவு செய்யுங்கள். குழுவில் கேட்காமல் ஒருவர் தனித்தனியாகக் கேட்கட்டும். யார் கொடுத்தார்கள், யார் கொடுக்கவில்லை என்று குழுவில் பட்டியல் போடாதீர்கள். வசதி உள்ளவர்கள் வசூலிப்பவரிடம் சத்தமில்லாமல் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம். செலவைக் குறைக்கவும் வழி உண்டு. இரவுச் சாப்பாட்டுக்குப் பதில் மாலை டிபன் வைத்தால் செலவு குறையும், பெரியவர்களும் இருட்டும் முன் வீடு திரும்பலாம். வார நாட்களில் ரேட் பேசலாம். முகூர்த்த நாளில் பேரம் நடக்காது. ஆடியிலும் மார்கழியிலும் அவர்களே இறங்கி வருவார்கள்.

இப்போது பில்லுக்கு வருவோம். பெரும்பாலான ஹால்களில் குறைந்தபட்சம் இத்தனை இலைக்குப் பணம் என்று ஓர் உத்தரவாதம் கேட்பார்கள். உதாரணமாக 40 இலை, இலைக்கு 750. மொத்தம் 30,000. 5 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து 31,500. தலைக்கு 788 என்று வசூலிக்கிறோம். ஆனால் வந்தது 31 பேர் என்றால் கையில் இருப்பது 24,428. மீதி 7,072 ரூபாய்க்கு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்போம். நிச்சயமாக வருபவர்களை மட்டும் எண்ணி உத்தரவாதம் கொடுங்கள். கூடுதலாக ஐந்தாறு பேர் வந்தால் அதே ரேட்டில் போடுவார்களா, கடைசி எண்ணிக்கையை எப்போது சொல்ல வேண்டும், குழந்தைகளுக்கு எந்த வயது வரை அரைக் கட்டணம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வரியிலும் வித்தியாசம் உண்டு. தனி ஹோட்டலில் சாப்பாட்டுக்கு 5 சதவீதம். தங்கும் விடுதிக்குள் இருக்கும் உணவகம் என்றால், அந்த விடுதி முந்தைய நிதியாண்டில் ஓர் அறைக்கு ஒரு நாளைக்கு 7,500 ரூபாய்க்கு மேல் வாங்கியிருந்தால் 18 சதவீதம். மேலே சொன்ன 30,000 அங்கே 35,400 ஆகிவிடும். காம்போசிஷன் திட்டத்தில் இருக்கும் சிறிய ஹோட்டல், வாடிக்கையாளரிடம் ஜி.எஸ்.டி. வசூலிக்கவே கூடாது. ரேட் சொல்லும்போதே "வரி சேர்த்தா, சேர்க்காமலா?" என்று கேட்பது நல்லது.

சர்வீஸ் சார்ஜ் என்று 10 சதவீதம் போட்டு, அதன் மேலும் ஜி.எஸ்.டி. போட்டால் அதே பில் 34,650 ஆகும். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி அதைத் தானாகப் பில்லில் சேர்க்கக்கூடாது, கட்டாயப்படுத்தவும் கூடாது. டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அந்த நெறிகள் செல்லும் என்று தீர்ப்பளித்தது. எடுத்துவிடச் சொல்லுங்கள், மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. பரிமாறிய பையனுக்கு நீங்கள் விரும்பிக் கொடுப்பது வேறு விஷயம், அதைத் தாராளமாகக் கொடுங்கள். தண்ணீர் பாட்டிலுக்கு எம்.ஆர்.பி.க்கு மேல் வாங்குவதை மட்டும் தடுக்க முடியாது. ஹோட்டல்களுக்கு அது பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் சொல்லிவிட்டது. அதனால் ஜக்கில் குடிநீர் வைப்பார்களா என்று முன்பே பேசிவிடுங்கள்.

அட்வான்ஸை ஹோட்டலின் வங்கிக் கணக்குக்கே அனுப்புங்கள். கியூ.ஆர். ஸ்கேன் செய்ததும் மேனேஜரின் சொந்தப் பெயர் வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். ரசீதில் இவை இருக்கட்டும்:

1. தேதி, எந்த அறை, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை.
2. இலைக்கு என்ன ரேட், வரி தனியா, எத்தனை இலை உத்தரவாதம்.
3. மெனு முழுவதும், வெல்கம் டிரிங்கும் ஐஸ்கிரீமும் அதில் அடக்கமா.
4. ஹால் வாடகை, அலங்காரம், மைக், வெளியிலிருந்து கேக் கொண்டுவர உண்டான கட்டணங்கள்.
5. ரத்து செய்தாலோ தேதி மாற்றினாலோ எவ்வளவு திரும்பக் கிடைக்கும்.

ரசீது இல்லையென்றால் இதையெல்லாம் வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பி "சரி" என்று அவர்களிடம் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. அட்வான்ஸ் கொடுப்பதற்கு ஒரு வாரம் முன்பு, விசேஷம் எந்தக் கிழமையோ அதே கிழமையில், அதே நேரத்தில், வீட்டிலுள்ள வயதானவரையும் அழைத்துக்கொண்டு அந்த ஹோட்டலுக்குப் போய்ச் சாப்பிட்டுப் பாருங்கள். பார்க்கிங், படி, சத்தம், கழிப்பறை, சாம்பாரின் ருசி எல்லாம் ஒரே நடையில் தெரிந்துவிடும். ஆகிற செலவு ஐந்நூறோ அறுநூறோதான்.

யாராவது ஹால் பார்க்கப் போவதாக இருந்தால் என்னையும் கூப்பிடுங்கள். டேப் நான் கொண்டு வருகிறேன், காபி உங்கள் செலவு.