பாட்டனின் பெயர் எந்த ஏட்டில்?



கலிங்கத்துப்பரணியில் ‘இராச பாரம்பரியம்’ என்றொரு பகுதி உண்டு. சோழரின் குலமுறையைச் செயங்கொண்டார் அங்கே விரித்துரைக்கிறார். உலாக்களும் மெய்க்கீர்த்திகளும் அவ்வாறே மன்னரின் முன்னோரைப் பாடின. மன்னனுக்குப் புலவன் இருந்தான். குடியானவனுக்கு யார் இருந்தார்? அவன் பெயரைக் காண வேண்டுமாயின் அரசாங்க ஏடுகளையே நாட வேண்டும். வரி வாங்கவும் ஆள் எண்ணவும் எழுதப்பட்ட அந்த ஏடுகளைப் பார்க்கும் உரிமை பற்றியே இன்று பேச விழைகிறேன்.

யாழ்ப்பாண மன்னர் வரலாறு கூறும் வைபவமாலையை மயில்வாகனப் புலவர் எழுதியது ஒல்லாந்தர் காலத்திலேயாகும். அதே ஒல்லாந்தர், போர்த்துக்கேயர் தொடக்கிவைத்த வழக்கத்தைப் பின்பற்றித் தோம்புகளையும் எழுதுவித்தனர். காணித் தோம்பு நிலத்தைச் சொல்லும். தலைத் தோம்பு வீட்டிலுள்ள ஆட்களைச் சொல்லும். எஞ்சிய தோம்புகள் கொழும்பில், தேசிய சுவடிகள் கூடத்தில் உள்ளன. ஒல்லாந்தக் கம்பனியின் ஆவணங்கள் 2003இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. ஆயினும், தன் முன்னோரைத் தேடிச் செல்லும் ஒருவர் பழைய ஒல்லாந்த மொழியும் கையெழுத்தும் புரியாது திகைக்கிறார். ஏட்டைக் கையில் தந்தால் மட்டும் போதாது. அதில் என்ன இருக்கிறதென்று தமிழில் ஓர் அட்டவணையும் வேண்டும்.

தோம்பில் பெயர் தேடுவது பலருக்கு ஆர்வத்தின் பாற்பட்டது. மலையக மக்களுக்கோ பாட்டனின் பிறப்புச் சான்று வாழ்வுரிமையாகவே இருந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் என்ன சொன்னது? அச்சட்டத்துக்கு முன் இந்நாட்டில் பிறந்தவர் பரம்பரைப் பிரசையாக வேண்டுமாயின், தந்தை இங்கு பிறந்திருக்க வேண்டும். அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்திருக்க வேண்டும். லயத்துக் காம்பராவில் பிறந்த பாட்டனுக்குப் பத்திரம் எங்கே? இலட்சக்கணக்கானோர் நாடற்றவராயினர். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கு நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினருக்கும் இங்கு வசிக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் குடியுரிமை வழங்கியது. வழித்தோன்றல் என்ற அச்சொல்லிலும் தலைமுறைக் கணக்கே அடங்கியிருக்கிறது.

தந்தைவழியில் நான்கு தலைமுறைப் பெயர்களை எழுதிவருமாறு என் மாணவரிடம் கேட்பது வழக்கம். பெரும்பாலோர் மூன்றாவதோடு நின்றுவிடுவர். நம்மிற் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தையின் பெயர் முதலெழுத்தாகிறது. அடுத்த தலைமுறையில் அதுவும் மறைகிறது. கறுப்பையா என்ற பெயரை ஆங்கிலத்தில் ஒருவர் ‘கே’ எழுத்திலும் இன்னொருவர் ‘சீ’ எழுத்திலும் தொடங்கியிருப்பார். செக்றோல் முதலான தோட்டத்து ஏடுகளின் கதையும் இலேசானதல்ல. 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992இல் நிர்வாகம் தனியாரிடம் சென்றது. கை மாறிய ஒவ்வொரு முறையும் ஏடுகளுக்கு என்ன நேர்ந்ததென்று கேட்க வேண்டாமா?

கேட்பதற்கு இன்று வழியுண்டு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் உள்ளது. பிரசை ஒருவர் விண்ணப்பித்தால், தருவதா மறுப்பதா என்பதைப் 14 வேலைநாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம். ஒருவருடைய பிறப்புப் பத்திரத்தின் பிரதியைப் பெறுவது பதிவாளர் அலுவலகத்து வேலை. இச்சட்டத்தின்கீழ் அதைவிடப் பயனுள்ள கேள்விகள் உள்ளன. எந்த ஆண்டுகளின் ஏடுகள் எங்கே இருக்கின்றன? அவற்றுக்கு அட்டவணை உண்டா? பழுதடைந்தவை, அழிக்கப்பட்டவை எவை? இவற்றுக்கு விடை கிடைத்தால் பயன் ஊருக்கே ஆகும்.

ஏடுகளைத் திறந்தால் மறைத்துவைத்தவை வெளிவருமே என்று அஞ்சுவோரும் உளர். உயிரோடிருப்போரின் அந்தரங்கம் காக்கப்பட வேண்டும்; அதற்குச் சட்டத்திலேயே இடமிருக்கிறது. ஆனால் தோம்பிலே சாதி எழுதியிருக்கிறது, அடிமைப்பட்டோர் பற்றிய குறிப்பும் இருக்கக்கூடும் என்பதற்காக அதை மூடிவைத்தல் முறையன்று. மெய்க்கீர்த்தி புகழையே பாடும். வரி ஏட்டுக்கு எவரையும் புகழும் தேவை இருக்கவில்லை. ஆண்ட பரம்பரை என்று பேசுவோருக்கு அது சில கசப்பான உண்மைகளைச் சொல்லக்கூடும். கூலி என்று ஒதுக்கப்பட்டவருக்கோ, தம் பாட்டிக்கும் ஒரு பெயரும் ஊரும் இருந்தன என்று சொல்லும்.

நேயர்களே, பெயரும் ஊரும் ஏறக்குறைய ஆண்டும் தெரிந்தாற்றான் எந்த ஏட்டிலும் தேட முடியும். அவற்றை அறிந்தவர்கள் உங்கள் வீட்டு முதியவர்களே. இன்றே அவர்களிடம் கேட்டு ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள். பிறகு அலுவலகத்துக்குச் சென்று உரிமையோடு கேளுங்கள்.