கடல்குதிரையும் உப்புக் கிணறும்

(திருப்பூர் வட்டார உழவர் பயிற்சி வகுப்பில் வேளாண்மை விரிவுரையாளர் ஆற்றிய உரை)



நொய்யல் கரைப் பகுதிக்கு வரும்போதெல்லாம் உங்களில் பலர் ஒரு கேள்வி கேட்கிறீர்கள். "கிணற்று நீர் உப்பாகிவிட்டது, பயிருக்கு ஆகவில்லை. உப்பு நீரில் வாழும் கடல் மீனையாவது தொட்டியில் வளர்க்கலாமா? கடல்குதிரைக்கு நல்ல விலை உண்டாமே?" என்பதுதான் அது. நியாயமான கேள்வி. நிலமும் கிணறும் இருந்தும் வருமானம் இல்லாதவர் வேறு வழி தேடத்தான் செய்வார். ஆகவே கடல்நீர்த் தொட்டி என்பது என்ன, அதில் எதை வளர்க்கலாம், எதை வளர்க்கக் கூடாது, நம் உப்புக் கிணறு எதற்குப் பயன்படும் என்பவற்றை இன்று விளக்க விரும்புகிறேன்.

கடல்குதிரையை வளர்க்கலாமா?

கூடாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கடல்குதிரை மீன் இனத்தைச் சேர்ந்தது. பெண் இடும் முட்டைகளை ஆண் தன் வயிற்றுப் பையில் சுமந்து, குஞ்சுகளாக வெளியே விடும். நம் மாநிலத்தில் பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் கடற்புல் வளர்ந்த இடங்களில் இது வாழ்கிறது. உலர்ந்த கடல்குதிரை சீன மருத்துவத்தில் பயன்படுவதால் அதற்கு வெளிநாட்டில் கிராக்கி ஏற்பட்டது. இழுவலைகளிலும் ஏராளமாகச் சிக்கியது. இதனால் இந்த இனத்துக்கு ஆபத்து நேர்ந்ததை உணர்ந்த மத்திய அரசு, 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-ல் இதைச் சேர்த்தது. புலியும் யானையும் இடம்பெற்ற அட்டவணை அது. பிடிப்பதும் விற்பதும் வாங்கி வைத்திருப்பதும் குற்றமாகும். தண்டனை 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை சிறையும் அபராதமும் ஆகும். "இது கடலில் பிடித்ததல்ல, பண்ணையில் பிறந்தது" என்று விற்பவர் கூறும் வாய்ச்சொல் உங்களைக் காப்பாற்றாது.

யாராவது உங்களிடம் வந்து, "ஒரு ஜோடி வாங்கிக்கொள்ளுங்கள், குஞ்சுகளை நாங்களே திரும்ப எடுத்துக்கொள்கிறோம்" என்று முன்பணம் கேட்டால் 2012-ஐ நினைத்துக்கொள்ளுங்கள். அவ்வாண்டு பெருந்துறைப் பக்கம் ஈமு கோழித் திட்டங்கள் சரிந்து, பலருடைய சேமிப்பு கரைந்ததை நீங்கள் அறிவீர்கள். சந்தையில் வாங்குவார் இல்லாத பொருளை, விற்றவரே திரும்ப வாங்குவார் என்று நம்பி வளர்ப்பது விவசாயம் ஆகாது. ஈமுவில் பணம்தான் போயிற்று. கடல்குதிரையில் சிறைவாசமும் சேரும்.

உப்பு நீர் எல்லாம் கடல்நீர் ஆகுமா?

ஆகாது. நீரின் உப்பை மின்கடத்தும் திறனைக் கொண்டு அளக்கிறோம். இதை மில்லிமோ என்ற அளவில் குறிப்பது வழக்கம். பாசன நீரில் இது 3 மில்லிமோவைத் தாண்டினால் பெரும்பாலான பயிர்கள் தாங்குவதில்லை. உங்கள் கிணற்று நீர் 6 மில்லிமோ என்று வைத்துக்கொள்வோம். அதில் லிட்டருக்கு ஏறத்தாழ 4 கிராம் உப்பு இருக்கும். கடல்நீரிலோ லிட்டருக்கு 35 கிராம் உண்டு. ஆகவே பயிருக்கு மிகையான அதே நீர் கடல் மீனுக்கு ஒன்பதில் ஒரு பங்குதான்.

"மீதி உப்பைக் கொட்டிக் கலக்கிவிட்டால் என்ன?" என்று கேட்கலாம். கடலில் இருப்பது சமையல் உப்பு மட்டும் அல்ல. ஒரு லிட்டர் கடல்நீரில் மெக்னீசியம் ஏறத்தாழ 1.3 கிராமும், சுண்ணாம்புச் சத்தும் சாம்பல் சத்தும் தலா 0.4 கிராமும் உள்ளன. பருத்தித் துணிக்குச் சாயம் ஏற்றச் சமையல் உப்பையோ சோடியம் சல்பேட்டையோ சேர்க்கிறார்கள். எனவே சாயக்கழிவு இறங்கிய கிணற்றில் சோடியம்தான் மேலோங்கி நிற்கும். மற்றவை கடலில் உள்ள விகிதத்தில் இரா.

அரியானா மாநிலத்தில் ரோத்தக் அருகே லாலி என்ற ஊரில் மத்திய மீன்வளக் கல்வி நிறுவனத்தின் உவர்நீர் ஆய்வு மையம் உள்ளது. அப்பகுதி நிலத்தடி உப்பு நீரில் இறால் வளர்க்க முற்பட்டபோது சாம்பல் சத்துக் குறைவு பெருந்தடையாக இருந்தது. நாம் வயலுக்கு இடுகிறோமே, அதே மியூரியேட் ஆப் பொட்டாஷைக் குளத்தில் இட்டு அக்குறையைச் சரிசெய்கிறார்கள். உப்பின் அளவை மட்டும் பார்த்தால் போதாது, அதன் கலவையையும் பார்க்க வேண்டும் என்பதற்கு இது நல்ல சான்று.

வீட்டில் கடல்நீர்த் தொட்டி அமைக்கும் முறை

கடல் மீனை வீட்டில் வளர்த்துப் பார்க்க விரும்புவோர் கோமாளி மீனைத் தேர்ந்தெடுக்கலாம். இதைப் பொரிப்பகத்திலேயே குஞ்சு பொரிக்கச் செய்து வளர்க்கும் முறையை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் உருவாக்கியுள்ளது. பொரிப்பகக் குஞ்சுதானா என்று ரசீதுடன் உறுதி செய்து வாங்குங்கள். செய்முறை பின்வருமாறு:

1. 3 அடி நீளம், 1 அடி அகலம், 1½ அடி உயரம் உள்ள கண்ணாடித் தொட்டி போதுமானது. அதில் 120 லிட்டர் நீர் கொள்ளும். வெயில் படாத, உறுதியான மேடையில் வையுங்கள்.

2. நல்ல குடிநீரை ஒரு நாள் காற்றடித்து வைத்தால் குளோரின் நீங்கும். அதில் கடையில் கிடைக்கும் செயற்கைக் கடல் உப்பை லிட்டருக்கு 35 கிராம் வீதம், அதாவது 120 லிட்டருக்கு 4.2 கிலோ கரையுங்கள். உப்புமானியால் அளந்து சரிபாருங்கள்.

3. உடனே மீனை விடக் கூடாது. மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியா அதற்கே நஞ்சாகும். வயலில் யூரியா இட்டால் அம்மோனியாவாகி, பின்பு நுண்ணுயிர்களால் நைட்ரேட்டாக மாறுகிறது அல்லவா? அதே வகை நுண்ணுயிர்கள் தொட்டியின் வடிகட்டியிலும் பெருக வேண்டும். இதற்கு 4 முதல் 6 வாரம் ஆகும். சிறிதளவு மீன் தீனி இட்டு, காற்றடித்துக் காத்திருங்கள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் இல்லை என்று சோதனை காட்டிய பின்னரே மீனை விட வேண்டும்.

4. நீர் ஆவியானால் உப்பு ஆவியாவதில்லை. எனவே குறைந்த அளவுக்கு நன்னீரைத்தான் ஊற்ற வேண்டும். உப்பு நீரையே ஊற்றி வந்தால், வடிகால் இல்லாத வயலில் உப்புப் பூப்பதுபோல் தொட்டியிலும் உப்பு ஏறிவிடும்.

5. வெப்பம் 25 முதல் 28 டிகிரிக்குள் இருப்பது நல்லது. நம் பகுதிச் சித்திரை வெயிலில் இதுவே பெரிய சிரமம். குளிரூட்டும் கருவிக்கும் மின்கட்டணத்துக்கும் வழியுண்டா என்று முன்கூட்டியே கணக்கிடுங்கள்.

இத்தொட்டி பொழுதுபோக்குக்கு உரியது. இதற்குக் கிணற்று நீர் தேவையில்லை, இதில் வருமானமும் இல்லை. அனுமதி பெற்ற ஆய்வு நிலையங்களில் வளரும் கடல்குதிரைக்கு இதைவிட உயரமான தொட்டியும், மெல்லிய நீரோட்டமும், வாலால் பற்றிக்கொள்ளக் கொம்புகளும் தேவை. அதற்கு இரைப்பையே கிடையாது. நாள்தோறும் பலமுறை ஆர்ட்டீமியா போன்ற சிறு இறால் வகைகளை இட வேண்டும். சட்டம் தடுக்காவிட்டாலும் இது சிறு விவசாயிக்கு ஏற்ற தொழில் அல்ல.

உப்புக் கிணற்று நீரில் மோலி மீன்

அப்படியானால் உப்புக் கிணறு எதற்கும் ஆகாதா? ஆகும். மோலி என்ற அலங்கார மீன் நன்னீரிலும் வாழும், உப்பு நீரிலும் வாழும். கடின நீரை அது விரும்பவும் செய்கிறது.

முதலில் நீரைச் சோதியுங்கள். உப்பு, கார அமில நிலை இவற்றோடு உலோகக் கலப்பையும் பார்ப்பது அவசியம். நீரில் சாய நிறமோ மணமோ இருந்தால் அதை விட்டுவிடுங்கள். நல்ல முடிவு கிடைத்தால், நிழல்வலையின் கீழ் 6 அடி நீளம், 4 அடி அகலம், 2 அடி ஆழத்தில் ஒரு சிமெண்டுத் தொட்டி கட்டிக்கொள்ளலாம். புதுத் தொட்டியில் பலமுறை நீர் நிரப்பி வடித்துச் சுண்ணாம்புக் காரத்தைப் போக்குங்கள். கிணற்று நீரை ஒரு நாள் காற்றடித்த பின் பயன்படுத்துங்கள். மீன்களை நன்னீரில் வைத்து, பத்து நாட்களில் சிறிது சிறிதாகக் கிணற்று நீரைக் கூட்டிப் பழக்குங்கள். முதலில் ஐந்தாறு மீன் மட்டும் போதும். இரண்டு வாரம் அவை நலமாக இருந்தால் மேலும் விடலாம்.

ஓர் ஆணுக்கு மூன்று பெண் வீதம் விடுங்கள். மோலி குட்டி போடும் மீன். ஏறத்தாழ மாதம் ஒருமுறை குட்டிகள் கிடைக்கும். தாயே குட்டியைத் தின்னும் ஆகையால் ஒளிந்துகொள்ள இடம் வேண்டும். சாயம் ஏற்றாத நைலான் நூலைக் கொத்தாகக் கட்டி மிதக்கவிட்டால் போதும். திருப்பூரில் நூலுக்கா பஞ்சம்!

விற்பனையை உறுதி செய்யாமல் பெருக்காதீர்கள். திருப்பூர், கோவை அலங்கார மீன் கடைகளில் விசாரித்து, அவர்கள் கேட்கும் அளவுக்கு வளருங்கள். மோலி அயல்நாட்டு இனம். குளத்திலும் வாய்க்காலிலும் விட்டுவிடாதீர்கள். இம்மீனை உண்ணவும் வேண்டாம்.

கழிவு நீரை என்ன செய்வது?

தொட்டி நீரை வயலில் பாய்ச்சாதீர்கள். பிளாஸ்டிக் விரித்த குழியில் விட்டு ஆவியாகச் செய்து, மிஞ்சும் உப்பை அப்புறப்படுத்துங்கள். 1992-ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்குப் பதிலாகச் சாயக்கழிவு தேங்கும் இடமானது. அணைக்குக் கீழ்ப்பகுதி உழவர்கள் வழக்காடினார்கள். ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேறக் கூடாது என்ற நிபந்தனையை நிறைவேற்றாத சாய ஆலைகளை மூடும்படி 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. பிறருடைய உப்பு நீர் நம் நிலத்துக்கு வரக் கூடாது என்று வழக்காடிய நாம், நம் தொட்டியின் உப்பு நீரை அண்டைத் தோட்டத்துக்கு அனுப்புவது முறையாகாது.

உழவர் பெருமக்களே, மோலி மீன் ஓர் துணை வருமானமே. இழந்த விளைச்சலை அது ஈடுசெய்துவிடாது. ஆனால் சிறு முதலில் தொடங்கலாம்; பிடிக்காவிட்டால் பெரிய நட்டமின்றி நிறுத்தலாம். கடல்குதிரையை கடலுக்கே விட்டுவிடுங்கள். நாளைக் காலையிலேயே ஒரு புட்டியில் கிணற்று நீரை எடுத்து, அருகிலுள்ள மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். அந்த முடிவு கைக்கு வந்த பின், மீன்வளத் துறை அலுவலரைக் கலந்து மேற்கொண்டு செய்ய வேண்டியதை முடிவு செய்யுங்கள்.