கடைமடையில் நின்று அளப்போம்!



ஏரி நிறைந்துள்ளது என்பது தலைமடையான் பேச்சு. பயிர் கருகுகின்றது என்பது கடைமடையான் புலம்பல். இரண்டும் உண்மையே. ஆயினும், பாசனத்தின் சீர்மையைக் கடைமடையில் நின்றன்றோ அளத்தல் வேண்டும்? செல்பேசி இணையத்தின் பணித்தரமும் அத்தகையதே.

கைப்பேசியின் மேல்முனையில் கோடுகள் யாவும் நிமிர்ந்து நிற்கின்றன, பாடமோ திறக்கவில்லை. ஏன்? அக் கோடுகள் அலையின் வலிமையை மட்டுமே காட்டும். அக் கோபுரத்தின் அலைக்கற்றையை எத்துணைப் பேர் பகிர்ந்துகொள்கின்றனர் என்பதைக் காட்டா. மாலையில் ஊரார் அனைவரும் ஒருங்கே மொண்டால், ஒருவர்க்குக் கிட்டுவது கையளவே.

விளம்பரங்கள் விரைவு ஒன்றையே பறைசாற்றும். தரத்திற்கு வேறு மூன்று உறுப்புகளும் உண்டு: செய்திப்பொதி போய்ச்சேரும் காலத்தாழ்வு; அத் தாழ்வின் ஏற்ற இறக்கம்; வழியில் தொலையும் பொதிகளின் அளவு. ஒரு நொடியை ஆயிரங் கூறாக்கின், பேச்சு ஒரு முனையினின்று மறுமுனை சேர 150 கூறுக்கு மேற்படாமை நன்று என்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. அதனினும் மிகமிக, உரையாடல் இடறும்.

2020இல் மகுடைத் தொற்றால் பள்ளிகள் அடைபட்டபோது, மலையூர்ப் பிள்ளைகள் அலை தேடிப் பாறைமீதும் மரத்தின்மீதும் ஏறியதை நாடறியும். மாநிலம் முழுமைக்கும் எடுத்த நிரவற்கணக்கில் அப் பாறை தென்படுமா? மேட்டைக் காட்டிப் பள்ளத்தை மறைப்பதே நிரவலின் இயல்பு.

இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2024 ஆகசுட்டில் புதிய தரநெறிகளை வெளியிட்டது. மூன்று திங்கட்கு ஒருமுறை எடுத்த கணக்கு, செல்பேசிப் பணிக்குத் திங்கள்தோறும் எடுக்கும் கணக்காக மாறியது. எவ்விடத்தில் அலை எட்டும் என்னும் நிலப்படத்தை நிறுவனங்கள் தம் இணையப் பக்கத்தில் வெளியிடல் கட்டாயமாயிற்று. மாவட்ட அளவில் 24 மணி நேரத்திற்கு மேற்பட்ட பெருமுடக்கம் நேரின், கட்டணக் கழிவோ பயன்கால நீட்டிப்போ தருதல் வேண்டும். நன்று! ஆனால், ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.

ஆதலின், உங்கள் ஊர்க்குரிய நிலப்படத்தைப் பாருங்கள். படத்தில் அலை இருந்து வீட்டில் இல்லையாயின், நாளும் நேரமும் இடமும் குறித்து நிறுவனத்திடம் முறையிடுங்கள். முறையீட்டு எண்ணைத் தவறாது பெறுங்கள். தீர்வு கிட்டாவிடின், அந்நிறுவனத்தின் மேல்முறையீட்டு அலுவலர்க்கு எழுதுங்கள். தனியொருவராய் அன்று, தெருவே திரண்டு எழுதுங்கள்.

தலைமடையான் கட்டும் தொகையைத்தான் கடைமடையானும் கட்டுகின்றான். பெறும் பயனும் ஒன்றாதல் முறையன்றோ என வினவி அமைகின்றேன்.