முகத்தை அளக்கும் யந்திரமும் வாய் பொத்தும் வழக்கமும்



இன்று நாம் பேச வந்திருப்பது பல் வைத்தியத்தைப் பற்றி. "சுயமரியாதைக்காரனுக்குப் பல்லைப் பற்றி என்ன பேச்சு?" என்று சிலர் கேட்கக்கூடும். சம்பந்தம் இருக்கிறது, பொறுத்துக் கேளுங்கள்.

இக்காலத்தில் பல் கட்டும் வைத்தியர்கள் சிலர், முகத்தை வெளிச்சத்தினால் அளந்து, நீளம், அகலம், ஆழம் மூன்றும் கூடிய உருவமாகக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொள்ளுகிறார்கள். வாய்க்குள்ளிருக்கும் பல்லையும் ஈறையும் தனியே அளந்து, இரண்டையும் பொருத்தி, எந்தப் பல் எவ்வளவு நீளமிருந்தால் உதட்டுக்கு ஒத்துவரும் என்று முன்கூட்டியே பார்த்துவிடுகிறார்கள்.

ஆனால் முகம் கற்சிலையா? சிரித்தால் வாயின் ஓரம் மேலேறுகிறது, கன்னம் உப்புகிறது, மூக்கின் மடல் விரிகிறது. கையில் பிடித்து முகத்தைச் சுற்றிக் கொண்டுவரும் கருவிக்குச் சில விநாடிகளாவது வேண்டும். அதற்குள் உதடு அசைந்துவிட்டால் முன்னே எடுத்த பாகமும் பின்னே எடுத்த பாகமும் ஒட்டாது. ஆகையினால் சும்மாயிருக்கும் முகம் ஒன்று, பல் தெரியச் சிரிக்கும் முகம் ஒன்று என்று தனித்தனியே எடுத்து, அதிகம் அசையாத நெற்றியையும் மூக்குத் தண்டையும் ஆதாரமாக வைத்துப் பொருத்துகிறார்கள். சும்மாயிருக்கும் முகம் மறுமுறை எடுத்தாலும் ஏறக்குறைய ஒத்துவரும். சிரிப்போ தடவைக்குத் தடவை மாறும். சொல்லிச் சிரிக்கிற சிரிப்பு வேறு, தானாக வருகிற சிரிப்பு வேறு, பின்னதில் கண்ணைச் சுற்றியுள்ள தசையும் சேர்ந்து வேலை செய்கிறது என்று பிரெஞ்சு வைத்தியர் டுஷேன் 1862-லேயே எழுதி வைத்தார்.

இனி நம் சங்கதிக்கு வருவோம். தாமிரபரணி பாயும் இந்த நஞ்சைச் சீமையில், மிராசுதார் முன்னால் பண்ணையாள் வாய் பொத்தி நின்றதைப் பெரியவர்கள் அறிவார்கள். அவன் மூச்சுக் காற்றுப் பட்டால் தீட்டாம்! பெண்களுக்கோ, "பொம்பளை சிரிச்சாப் போச்சு" என்று ஒரு பழமொழியே கட்டி வைத்தார்கள். இப்படிப் பழக்கப்பட்ட மக்கள் வைத்தியர் நாற்காலியில் உட்கார்ந்தால் எப்படிச் சிரிப்பார்கள்? உதட்டை இறுக்கி அரைச் சிரிப்புத்தான் சிரிப்பார்கள். யந்திரம் அதையே உண்மை என்று எழுதிக்கொள்ளும். அந்தக் கணக்குக்குப் பல் கட்டினால், பிறகு பேரப்பிள்ளையோடு வாய்விட்டுச் சிரிக்கிற அன்று, கட்டின ஈறும் சொந்த ஈறும் சேருமிடம் வெளியே தெரியும். காசு போனதோடு, மறுபடியும் வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான். அடிமைத்தனம் அளவுகோலைக்கூடப் பொய்யாக்கிவிடுகிறது பார்த்தீர்களா?

முன்னொரு காலத்தில் சென்னை மியூசியத்துத் தலைவர் தர்ஸ்டன் நம் ஜனங்களின் மூக்கையும் மண்டையையும் அளந்தார். 1909-ல் ஜாதிவாரியாக 7 பாகம் புத்தகம் வெளியிட்டார். அன்று அளந்தது ஜாதி பிரித்துக் காட்ட. இன்று அளப்பது பல் இல்லாதவன் சோறு மென்று தின்னவும், தெளிவாய்ப் பேசவும். அளக்கிற வேலை ஒன்றுதான். எதற்கு என்பதில்தான் இருக்கிறது வித்தியாசம்.

ஆகவே தோழர்களே, வைத்தியர் முன்னால் கைகட்டி நிற்காதீர்கள். அவரோடு நாலு வார்த்தை பேசுங்கள். தாராளமாய்ச் சிரியுங்கள். சரியாக வரவில்லையென்று தோன்றினால், "இன்னொரு தடவை எடுங்கள் ஐயா" என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல. வாயிலிருந்து கையை எடுங்கள். வீட்டுப் பெண்களையும் எடுக்கச் சொல்லுங்கள்.