படிப்பும் பத்திரமும்



வெள்ளி விழா மேடையில் கழகத்தின் தொண்டினைப் பலரும் எடுத்துரைத்தனர். நாம் பேச விழைவது, நம் வீட்டுத் தகரப் பெட்டியில் கிடக்கும் காகிதங்களைப் பற்றியே.

1894-இல் ஆல்காட் பஞ்சமர் பள்ளியைத் தொடங்கிய காலத்தில், பல பள்ளிகளின் வாயில்கள் நமக்கு அடைபட்டிருந்தன. இன்று வாயில் திறந்துள்ளது. எனினும் தக்க சான்று இல்லாதவர் வாயிலிலேயே நிற்க நேரிடுகிறது.

வறுமையால் பள்ளியை விட்டு, வீட்டிலும் நம் இரவு வகுப்பிலும் பயில்வோர் நம்மிடையே உண்டு. அவர்கள் சட்டத்தை அறிதல் வேண்டும். 2010 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள கல்வி உரிமைச் சட்டப்படி, ஆறு முதல் பதினான்கு வயது வரையிலான பிள்ளை, இடையில் நின்றிருப்பினும், வயதுக்குரிய வகுப்பில் சேரலாம். தனிப் பயிற்சியும் பெறலாம். வயதுச் சான்று இல்லையென்றோ, மாற்றுச் சான்றிதழ் தாமதமாகிறதென்றோ அப்பிள்ளையைத் திருப்பி அனுப்புதல் கூடாது.

அவ்வயதைக் கடந்தோருக்கு, 1989-இல் தொடங்கப்பெற்ற தேசியத் திறந்தநிலைப் பள்ளி உண்டு. பதினான்கு வயது நிறைந்தவர் அங்கே பத்தாம் வகுப்புக்குப் பதியலாம். பதிவு ஐந்தாண்டு செல்லும். பாடங்களை ஒவ்வொன்றாகவும் தேர்ந்து முடிக்கலாம். ஆதலின் ஒவ்வொரு மதிப்பெண் பட்டியலையும் இறுதிவரை காத்தல் கடமை.

நம் இரவு வகுப்பில் பயின்று அவ்வாறு தேறினாள் ஒரு மகள். கல்லூரியில் இடமும் கிடைத்தது. ஆனால் சாதிச் சான்றிதழில் தந்தையின் பெயர் ஒருவிதம்; பள்ளிச் சான்றிதழில் வேறுவிதம். திருத்தம் பெற்று வருவதற்குள் கடைசி நாள் கடந்தது. ஓராண்டு வீணாயிற்று. குற்றம் அவளுடையதன்று, எழுத்துப் பிழையைச் சிறு வயதிலேயே கவனியாத நம்முடையது.

ஆகவே இளைஞர்களே, பிறப்புச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், வட்டாட்சியர் வழங்கிய சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், வங்கிக் கணக்குப் புத்தகம் யாவற்றிலும் பெயரும் தலைப்பெழுத்தும் ஒன்றாயிருக்கின்றனவா என இன்றே ஒப்பிட்டுப் பாருங்கள். மூலச் சான்றை எவரிடமேனும் ஒப்படைக்க நேர்ந்தால், தேதியிட்ட ஒப்புகைச் சீட்டு பெறுங்கள். நகல் ஒன்றை உறவினர் வீட்டில் வையுங்கள்; மழை ஒழுகும் கூரையை நாம் அறிவோம்.

எழுதப் படிக்க அறியாத பெற்றோருக்குத் தெருவுக்கு இருவர் துணை நின்றால், அடுத்த ஆண்டு எவரும் வாயிலில் நிற்க வேண்டியதில்லை. அப்பணியை இவ்விழா நாளிலேயே தொடங்குவோம்.